விரல்நுனி வரை

"ரெண்டு பேருக்கும் போடறதுன்னா போடுங்க. ஒருத்தருக்கு மட்டும்னா எங்களுக்கு வேணாம்" என்றாள் பச்சையம்மாள். சொல்லிக்கொண்டே, பொங்கி வந்த பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து வெறுங்கையால் இறக்கி வைத்தாள்.

பார்த்துக்கொண்டிருந்த உமையாளுக்குத்தான் கை சுட்டது.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருந்தது அந்த மருத்துவமனை. தொழுநோய்க்குச் சரியான மருந்து இல்லாத காலத்தில் கட்டியது. பிறகு மருந்து வந்தது, நோய் குணமானது. ஆனால் அது தின்றுவிட்டுப் போன நரம்புகளை எந்த மாத்திரையும் திருப்பிக் கொடுக்கவில்லை. குணமானவர்களில் பாதிப் பேர் ஊர் திரும்பவும் இல்லை. மதில் சுவருக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்கள். பச்சையம்மாளும் அவள் புருஷன் சவரிமுத்துவும் அப்படித்தான். சின்ன வயதில் ஆளுக்கொரு திசையிலிருந்து நோயாளியாக வந்தவர்கள், அங்கேயே பார்த்துப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவள் வாசலில் டீக்கடை வைத்திருந்தாள். அவர் ஆடு வளர்த்தார். ஒரே மகள் ரோஸ்லின் ஓசூரில் வாக்கப்பட்டிருந்தாள்.

இருவருக்கும் கைகளில் உணர்ச்சி கிடையாது. சூடு தெரியாது, முள் குத்தினால் தெரியாது. ரத்தத்தைக் கண்ணால் பார்த்தால்தான் காயம் என்று தெரியும். சவரிமுத்துவின் வலது கையில் இரண்டு விரல்கள் அப்படித் தெரியாமல் போன காயங்களிலேயே குட்டையாகிப் போயிருந்தன.

உமையாள் மருத்துவர் இல்லை. பொருளறிவியல் படித்தவள். பாலிமர்களோடு எட்டு வருடம் மல்லுக்கட்டி ஒரு படலம் செய்திருந்தாள். அதைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"பாம்புச் சட்டை மாதிரி இருக்குதே" என்றாள் பச்சையம்மாள்.

"இதை விரல் நுனியில ஒட்டிருவோம்மா. எதையாவது தொட்டா, எவ்ளோ அழுத்தம், எவ்ளோ சூடுன்னு இது கண்டுபிடிச்சு மின்சாரமா மாத்தும். அந்த மின்சாரம் ஒரு நூல் வழியா மேல போகும். நூல் தலைமுடி கனம்தான். தோலுக்கு அடியில வெச்சுத் தைச்சிருவாங்க. முழங்கைக்கு மேல நரம்பு இன்னும் உயிரோட இருக்கில்ல, அதுல போய்ச் சேர்த்துடும்."

"அப்போ இது தோலு."

"தோல் மாதிரி."

அங்கே வருடக்கணக்காக வேலை பார்க்கும் டாக்டர் நிலோஃபர் அப்போதுதான் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். டீயை வாங்கிக்கொண்டு, "முழுசையும் சொல்லிடுங்க உமையாள். பாதி சொல்லக்கூடாது" என்றார். பிறகு அவரே சொன்னார். "பாதிப் பேருக்குத்தான் வேலை செய்யற படலம். மீதிப் பேருக்குப் போலி. பார்க்க ஒண்ணு போலவே இருக்கும், நூலும் உண்டு, ஆபரேஷனும் உண்டு. ஆனா மின்சாரம் வராது. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, இவங்களுக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடும்."

ஆட்டுக்குட்டி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றிருந்த சவரிமுத்து சிரித்தார். "ஏமாத்தப் போறோம்னு இவ்ளோ மரியாதையா யாரும் சொன்னதில்ல டாக்டரம்மா. எதுக்கு அந்தப் போலி?"

"மனசு ரொம்ப ஆசைப்பட்டா இல்லாததையும் இருக்குன்னு சொல்லும் ஐயா. நிஜம் போட்டவங்களுக்கும் போலி போட்டவங்களுக்கும் வித்தியாசம் இருந்தாத்தான் இந்தப் பொருள் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

நிலோஃபருக்குப் புருஷன் பெண்டாட்டி இருவரையும் ஒரே ஆய்வில் சேர்ப்பது பிடிக்கவில்லை. ஒருவர் முகத்தைப் பார்த்து மற்றவர் பதில் சொல்வார்கள் என்று பயந்தார். பச்சையம்மாள் பிடிவாதமாக இருந்தாள். கடைசியில் நிலோஃபர்தான் இறங்கி வந்தார்.

ஆபரேஷனுக்கு முன்னால் அவர் இருவர் கைகளையும் ஊசி முனையால் மெல்லத் தொட்டுக்கொண்டே போய்ப் பார்த்தார். சவரிமுத்துவுக்கு முழங்கையோடு உணர்ச்சி நின்றுபோயிருந்தது. பச்சையம்மாளுக்கு அதைத் தாண்டி முன்கையில் பாதிவரை இருந்தது. "உங்களுக்குப் பரவாயில்லம்மா, கொஞ்சம் கீழ வரைக்கும் இருக்கு" என்றார். அதற்கு மேல் யாரும் அதை யோசிக்கவில்லை.

கட்டுப் பிரித்த அன்றே சவரிமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது.

"எறும்பு!" என்று கத்தினார். "விரல்ல எறும்பு ஊருது!" வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தட்டைத் தொட்டார், கட்டில் கம்பியைத் தொட்டார், சுவரைத் தொட்டார். எல்லாம் ஒரே மாதிரி எறும்பு ஊர்வதாகத்தான் இருந்தது, இருந்தாலும் தொடும்போது ஊர்ந்தது, எடுத்தால் நின்றது. அன்று முழுக்க அவர் கை சும்மா இருக்கவில்லை. பச்சையம்மாளின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, "உன் மூஞ்சியிலயும் எறும்பு" என்றார்.

"எனக்குப் போலி போல இருக்குது" என்றாள் பச்சையம்மாள். அவளுக்கு எதுவுமே தெரியவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது. இரண்டில் ஒன்று அவருக்குக் கிடைத்ததே போதும் என்றிருந்தது அவளுக்கு.

வாரம் முடிவதற்குள் எறும்பு குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. சவரிமுத்து தட்டைத் தொட்டார், கம்பியைத் தொட்டார், சுவரில் உள்ளங்கையால் அறைந்தார். நர்ஸ் ஓடி வந்து தடுத்தாள். யாருடனும் பேசாமல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலைப்பக்கம் போனவர் பொழுது சாயத்தான் திரும்பினார். பச்சையம்மாள் சோறு போட்டாள். அவர் பாதியில் எழுந்துவிட்டார்.

"வராமயே இருந்திருந்தா ஒண்ணுமில்ல பச்சை. வந்துட்டுப் போனதுதான்..." என்று சொல்லி நிறுத்தினார். அவள் அவர் முதுகில் கை வைத்தாள். முதுகுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை.

மாதங்கள் போயின. மாதத்துக்கு ஒருமுறை சோதனை. இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து, கண்ணைக் கட்டி, விரல் நுனியில் நைலான் இழையால் தொட்டுக் கேட்பார்கள். "தெரியுதா?" அவர் "இல்லீங்க" என்பார். அவளும் "இல்லீங்க" என்பாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. விரல் நுனியில் எதுவும் தெரியவில்லைதான்.

ஆனால் ஒருநாள் காலை டீ ஆற்றும்போது பால் தெறித்து மணிக்கட்டுக்கு மேலே விழுந்தது. சுரீரென்றது. அவள் கையை உதறினாள். பிறகுதான் ஏன் உதறினோம் என்று நின்று யோசித்தாள். அந்த இடத்தில் சூடு தெரிந்து முப்பது நாற்பது வருடம் இருக்கும். விரலால் அழுத்திப் பார்த்தாள். இருந்தது. கொஞ்சம் கீழே அழுத்தினாள். இல்லை.

சில வாரங்களில் அது மணிக்கட்டைத் தாண்டியது. பிறகு உள்ளங்கைக்குள் இறங்கியது. தண்ணீர் தெளித்த தரையில் ஈரம் பரவுவதுபோல் மெல்ல, ஓசையில்லாமல் பரவிக்கொண்டிருந்தது. கூடவே வலியும் வந்தது. வருடக்கணக்காக அந்தக் கையில் வாங்கிய சூடெல்லாம் சேர்ந்து இப்போது கணக்குக் கேட்பதுபோல் தழும்புகள் எரிந்தன. அவள் தனியாக இருக்கும்போது கையைத் தண்ணீரில் முக்கி வைத்துக்கொண்டாள். பாத்திரம் இறக்கப் பழைய புடவைத் துணியை மடித்து வைத்துக்கொண்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லத்தான் நினைத்தாள். ஒருநாள் சவரிமுத்து தரையில் உட்கார்ந்து ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். எழுந்திருக்க வசதியாக அவள் கையைப் பிடித்தார். எத்தனையோ ஆயிரம் தடவை பிடித்த கைதான். சொரசொரவென்று இருந்தது, கல் மாதிரிக் கனத்தது, அவள் நினைத்தே பார்க்காத அளவுக்குச் சூடாக இருந்தது. உயிருள்ள ஒரு பிராணியைக் கையில் வாங்கியதுபோல் இருந்தது. அவள் அந்தக் கையையே பார்த்தாள்.

"இன்னா அப்பிடிப் பார்க்கிற?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. எழுந்திரு."

அவருக்கு வந்து போயிற்று. தனக்கு வந்து நிற்கிறது. இதை எந்த வாயால் சொல்வது? அவர் சந்தோஷப்படுவார், அது அவளுக்குத் தெரியும். சந்தோஷப்பட்டுவிட்டு மறுபடி ஆடுகளோடு மலைப்பக்கம் போவார், அதுவும் தெரியும்.

அடுத்த சோதனையில், கட்டைவிரல் நுனியில் இழை பட்டபோது கூசியது. "தெரியுதாம்மா?" என்றாள் நர்ஸ்.

"இல்லீங்க" என்றாள் பச்சையம்மாள். அது பொய்.

மழைக்காலத்தில் ஆய்வைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவின் முடிவு வந்தது. நிலோஃபர் தன் அறையில் அதைப் படித்து முடித்துவிட்டு உமையாளைப் பார்த்தார்.

"வித்தியாசம் இல்லையாம். நிஜம் போட்டவங்கள்ல சில பேர் தெரியுதுன்னு சொல்லியிருக்காங்க. போலி போட்டவங்கள்லயும் அதே அளவு பேர் தெரியுதுன்னு சொல்லியிருக்காங்க. ஆசையில சொல்றாங்கன்னு குழு நினைக்குது. நிறுத்தச் சொல்லிட்டாங்க."

முதல் வாரம் எறும்பு ஊர்ந்ததாகச் சொன்னவர்கள் எல்லாருக்கும் அது நின்றுபோனது உமையாளுக்குத் தெரியும். நூல் நரம்பைத் தொடும் இடத்தில் தழும்பு வளர்ந்து மின்சாரத்தை அடைத்துவிட்டது என்று ஊகித்திருந்தாள். ஆனாலும் நம்பிக்கொண்டிருந்தாள். எட்டு வருடம். அம்மா சாகக் கிடந்தபோதுகூட ஆய்வகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடி ஓடிச் செய்த படலம்.

"எடுத்துடணுமா?" என்றாள் கடைசியில்.

"இந்த வாரம் படலம். அடுத்த வாரம் கையைத் திறந்து நூல். வேலை செய்யாத பொருளை உடம்புல விட்டுவைக்க முடியாது. அதான் விதி."

"படலத்தை நானே எடுக்கறேன் டாக்டர். நான் ஒட்டினது."

மறுநாள் காலை அவள் விருந்தினர் அறையில் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் செருமல் சத்தம் கேட்டது. சவரிமுத்து. உள்ளே வரவில்லை, உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"மேடம், எனக்கு எடுத்துருங்க. அது செத்துப் போச்சு. எங்க வீட்டுக்காரிக்கு எடுக்காதீங்க."

"ஏன் ஐயா?"

"அவளுக்கு வேலை செய்யுது."

உமையாள் கையிலிருந்த துணியைக் கட்டிலில் வைத்தாள். "அம்மா ஒரு தடவைகூட அப்படிச் சொல்லலையே?"

"சொல்ல மாட்டா. போன மாசம் அவ மணிக்கட்டுல ஒரு ஈ உட்கார்ந்துச்சு. நான் எதுக்கால உட்கார்ந்து டீ குடிச்சுக்கினு இருந்தேன். அவ வேற யாருக்கோ சில்லறை குடுத்துக்கினே, திரும்பிக்கூடப் பார்க்காம, அதைத் தட்டிவிட்டா." அவர் தன் கையைத் தூக்கி அதைச் செய்து காட்டினார். "எங்க கூட்டத்துல ஈயைப் பார்க்காம தட்டறவங்க யாரு மேடம் இருக்காங்க? கண்ணு பார்த்தாத்தான் எங்களுக்கு ஈ."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா, அவ மறைச்சது எனக்குத் தெரியும்னு ஆயிடும். எனக்காகத்தான் மறைக்கிறா. அது கெட்டுப்போயிடும்." வாசற்படியை விட்டு இறங்கிக்கொண்டே சொன்னார். "அது இருக்கட்டும் அவளுக்கு. ஒருத்தர் கையிலயாவது இருக்கட்டும்."

உமையாள் நேராக நிலோஃபரிடம் ஓடினாள். நிலோஃபர் முழுவதையும் கேட்டார். நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"அவர் சொன்னதை வெச்சு நான் அவங்க பதிலை மாத்த முடியாது உமையாள். ஒருத்தர் உடம்புல என்ன தெரியுதுங்கறதுக்கு அவங்க வாய்தான் சாட்சி. நமக்குப் பிடிச்ச பதிலா மாத்திக்கிட்டா அப்புறம் இந்த உலகத்துல ஒரு மருந்தையும் நம்ப முடியாது."

"அப்போ அவங்க சொல்லாட்டி?"

"சொல்லாட்டி எடுக்கணும்."

படலம் எடுக்கும் நாளில், நிலோஃபரும் கூட இருக்க, இருவரையும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உமையாள் பஞ்சைப் பசைக் கரைப்பானில் நனைத்து முதலில் சவரிமுத்துவின் விரல்களிலிருந்து உரித்தாள். சட்டை கழலுவதுபோல் முழுசாக வந்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பச்சையம்மாளின் கையை எடுத்தாள்.

"அம்மா, ஏதாவது சொல்லணுமா?" என்று மெல்லக் கேட்டாள் உமையாள்.

"இல்ல. சீக்கிரம் எடுங்க."

பச்சையம்மாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டிருந்தாள். படலம் போனால் எல்லாம் போகும். அவரும் நானும் ஒண்ணு ஆயிடுவோம். ஒருவகையில் அது நல்லதுதான் என்று முந்தைய நாளெல்லாம் தனக்குத்தானே சொல்லிப் பழகியிருந்தாள். ஒவ்வொரு விரலாக உரிந்தது. கடைசியாகக் கட்டைவிரல். எல்லாவற்றையும் தட்டில் போட்டுவிட்டு, ஒட்டியிருந்த பசையைத் துடைக்க உமையாள் பஞ்சை மறுபடி அழுத்தினாள். கரைப்பான் உள்ளங்கையில் ஒழுகியது.

சில்லென்றிருந்தது.

பச்சையம்மாள் தன் கையையே வெறித்துப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். படலம் அங்கே கிடந்தது. கை இங்கே சில்லென்றிருந்தது. கட்டைவிரல் நுனியைப் புடவையில் தேய்த்தாள். நூல் நூலாகப் புடவை தெரிந்தது.

"டாக்டரம்மா" என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "யோவ், நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"ஏன்?"

"திரும்புன்னா திரும்பேன்."

சவரிமுத்து நாற்காலியோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்குத் தெரியுது டாக்டரம்மா. ஜில்லுன்னு இருக்குது. அதை எடுத்தப்புறமும் இருக்குது." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ரொம்ப நாளா இருக்குது. நான் சொல்லல. அவருக்கு வந்துட்டுப் போயிடுச்சு, நான் எப்பிடிச் சொல்லுவேன்? மன்னிச்சுக்கோங்க."

சுவரைப் பார்த்தபடியே சவரிமுத்து சொன்னார். "எனக்குத் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"ஈயைத் தட்டினியே."

"எந்த ஈயி?"

"விடு. ஒரு ஈ. திரும்பலாமா இப்போ?"

அவர் திரும்பினார். பச்சையம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அவர் அவள் கையை இழுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். "எப்பிடி இருக்குது என் கை?" என்றார்.

"கரடு. முருங்கைக் கட்டை மாதிரி இருக்குது."

"பொய் சொல்லாதே."

"நெசமாத்தான்யா. சுடுது வேற."

அவர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

நிலோஃபருக்கு அவர்களைப் பார்க்க நேரமில்லை. அவர் ஊசியை எடுத்து வந்து பச்சையம்மாளின் முன்கையில் தொட ஆரம்பித்திருந்தார். "இங்க? இங்க? இது எப்போ வந்தது? இது?" பச்சையம்மாள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதலில் பால் தெறித்த இடம். பிறகு மணிக்கட்டு. பிறகு உள்ளங்கை. கேட்கக் கேட்க நிலோஃபரின் முகம் மாறியது.

"மேலிருந்து கீழ" என்றார். "படலம் ஒட்டினது விரல் நுனியில. அது வேலை செஞ்சிருந்தா விரல்லதானே முதல்ல தெரியணும்? நாம விரல் நுனியை மட்டும் தொட்டுத் தொட்டுக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம் உமையாள். கையைக் கேட்கவே இல்ல."

ஆய்வு நிறுத்தப்பட்டுவிட்டதால் இனி சீட்டைப் பிரிக்கத் தடையில்லை. கணக்கு வைத்திருந்த புள்ளியியல்காரரை நிலோஃபர் போனில் அழைத்தார். பச்சையம்மாளின் எண்ணைச் சொன்னார். பதிலைக் கேட்டுவிட்டுப் போனை மெதுவாகக் கீழே வைத்தார்.

"போலி" என்றார்.

உமையாள் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றாள். மழை விட்டிருந்தது. கிளையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நிலோஃபர் வந்து பக்கத்தில் நின்றார்.

"நிஜத்துக்கும் போலிக்கும் பொதுவா இருந்தது என்ன?" என்று கேட்டார்.

"நூல்."

"நூல்ல என்ன?"

உமையாள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் சொன்னாள். "ஒரு பூச்சு டாக்டர். வெளிப்பொருளை உடம்பு தள்ளிடும்ல, அது நடக்காம இருக்கணும்னு கலக்கினேன். ஒரு வாரத்து வேலை. கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் புரதம். என் கட்டுரையில அதுக்கு ஒரு வரிதான் எழுதினேன். எட்டு வருஷம் அந்தப் படலத்துக்கு..."

"நூல் முழங்கையிலேருந்து விரல் வரைக்கும் போகுது. உயிரோட இருந்த நரம்பு அதைப் பிடிச்சுக்கிட்டு இறங்கியிருக்கு. அவரைக்கொடிக்குக் கயிறு கட்டிவிட்ட மாதிரி. யாருக்கு எங்கேருந்து இறங்கணுமோ அதைப் பொறுத்து சிலருக்குச் சீக்கிரம், சிலருக்கு நாளாகும். ஆசையில சொல்றாங்கன்னு நாம ஒதுக்கினோமே, அவங்க எல்லாம் நிஜத்தைத்தான் சொல்லியிருக்காங்க."

உமையாள் சட்டென்று நிமிர்ந்தாள். "அடுத்த வாரம் நூலை உருவினா..."

"கொடியோட சேர்ந்து வந்திருக்கும்" என்றார் நிலோஃபர். "அந்த அம்மா வாயைத் திறக்காம இருந்திருந்தா."

உள்ளே பச்சையம்மாள் யாரையோ அதட்டுவது கேட்டது. புருஷனைத்தான்.

நூல் எடுப்பது நின்றது. நிலோஃபர் எழுதி, பேசி, இரண்டு முறை நேரில் போய் வாதாடி, குழுவைச் சம்மதிக்க வைத்தார். கலந்துகொண்ட எல்லாரையும் மறுபடி கூப்பிட்டு, தோளிலிருந்து கீழே அங்குலம் அங்குலமாகக் கேட்டார்கள். பலருக்கு உணர்ச்சி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் அதை வரமாக எடுத்துக்கொள்ளவில்லை. சுண்ணாம்புக் காளவாயில் காலமெல்லாம் வேலை செய்த ஒருவர், "இந்த எரிச்சலை என்னால தாங்க முடியல தாயே, எனக்குப் பழையபடியே விட்டுடுங்க" என்று கெஞ்சினார். நிலோஃபர் அவரோடு நெடுநேரம் பேசினார். கடைசியில் அவர் விருப்பப்படியே நூலை எடுத்தார். வெளியே வந்து, "சரியாத்தான் செஞ்சேனா?" என்று உமையாளிடம் கேட்டார்.

உமையாள் ஊர் திரும்பிப் படலத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அந்தப் பூச்சைப் புதிதாகப் படிக்க ஆரம்பித்தாள். யாராவது அவளைப் பாராட்டினால், "தெரிஞ்சு செய்யலைங்க" என்று உண்மையைச் சொன்னாள். மாதம் ஒருமுறை மலை அடிவாரத்துக்கு வந்துகொண்டிருந்தாள்.

சவரிமுத்துவுக்கு இறங்கவேண்டிய தூரம் அதிகம். அவருக்கு வராமலே போகலாம் என்றும் நிலோஃபர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அதற்கு அவர், "பரவால்ல டாக்டரம்மா, ஒருத்தர் கையில இருக்குதே" என்றார். ஆனால் பச்சையம்மாள் விடவில்லை. தினமும் கடை திறக்குமுன் அவரை உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, முழங்கையிலிருந்து தன் ஆள்காட்டி விரலை மெதுவாகக் கீழே நகர்த்துவாள். தெரிவது நின்றதும் அவர் "போச்சு" என்பார். பல மாதங்கள் முழங்கை மடிப்பிலேயே "போச்சு" என்றார். அவள் முகத்தில் எதையும் காட்டாமல் அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விடுவாள். பிறகு ஒருநாள் மடிப்பைத் தாண்டிச் சொன்னார். அவள் நம்பாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அடுத்த வருடம் ரோஸ்லினுக்குப் பிரசவம் என்று பச்சையம்மாள் ஓசூர் போனாள். போகும்போது அவருக்கு முன்கையைத் தாண்டி மணிக்கட்டுக்குச் சற்று மேலே வந்து நின்றிருந்தது. குழந்தை எடை குறைவாகப் பிறந்ததால் அவள் திரும்ப வெகுநாள் ஆயிற்று. இடையில் வந்த உமையாள், "நான் பார்க்கட்டுமா ஐயா?" என்று கேட்டாள். நிலோஃபரும் ஊசியோடு வந்தார். சவரிமுத்து கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அவ வரட்டும்" என்றார்.

"உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே?"

"நான் பார்க்கல. துணி சுத்தி வெச்சிருக்கேன், பாருங்க." உண்மையிலேயே பழைய துண்டை முழங்கையிலிருந்து விரல் வரை சுற்றி வைத்திருந்தார். நிலோஃபர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் வந்து இறங்கிய அன்று உமையாளும் அங்கே இருந்தாள். பச்சையம்மாள் பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. பேத்தியைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தாள். துண்டைப் பிரித்தாள். "மூக்கு உன்னை மாதிரியே இருக்குதுய்யா, பாவம். கண்ணை மூடு." அவர் மூடிக்கொண்டார்.

அவள் விரல் முழங்கையிலிருந்து புறப்பட்டது. முன்கையைக் கடந்தது. பேச்சு தானாக நின்றது. மணிக்கட்டுக்கு வந்து ஒரு கணம் தயங்கிவிட்டு, மடிப்பைத் தாண்டி உள்ளங்கைக்குள் இறங்கியது. காய்ப்பேறிய மேட்டில் ஏறி, பழைய தழும்பு ஒன்றைச் சுற்றிப் போயிற்று. சவரிமுத்து "போச்சு" என்று சொல்லவில்லை.

"இன்னாயா, தூங்கிட்டியா?" என்றாள் பச்சையம்மாள்.

"இல்ல" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "நீ போய்க்கினே இரு."